குணமாவோம் என்று எழுதியிருந்தது

கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று முகாமை நடத்துகிற சாருலதா சொன்னதும் பாயில் கிடந்தவர்கள் எல்லாரும் மூடிக்கொண்டார்கள், ஜெசிந்தா மூடவில்லை. தலைக்கு மேலே பலா மரம். அடிமரத்திலிருந்து கிளை பிரிகிற இடம்வரை காய்கள், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, பஸ்ஸில் தூங்குகிற சொந்தக்காரர்கள் மாதிரி. இதில் ஒன்று இப்போது கழன்று விழுந்தால் யார்மேல் விழும் என்று பார்த்தாள். தன்மேல் விழாது. இரண்டு பாய் தள்ளி, கைகளை மார்பில் கோத்து, பூசைக்கு வந்தவர் மாதிரி மல்லாந்திருக்கிற வில்பிரட்மேலும் விழாது. கோயம்புத்தூரிலிருந்து வந்த பேங்க்காரருடைய முழங்காலில் விழலாம், அவர் முழங்கால் வலிக்கென்றே வந்தவர், பாவம். மூச்சை உள்ளே இழுங்கள் என்றாள் சாருலதா. அவளுக்கு நல்ல குரல், காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைக்கிற குரல். ஜெசிந்தா இழுத்தாள். சிறுமலையின் ஞாயிற்றுக்கிழமைக் காற்று; போன வாரத்து மழைக்குக் காப்பிச் செடியெல்லாம் ஒன்றாகப் பூத்து, மல்லிகைக்குத் தங்கச்சி போல ஒரு வாசனை. நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்ததுமே பயந்தாள். நேற்றுக் காலை வேனிலிருந்து இறங்கியதிலிருந்து இதுதான் நடக்கிறது, ஏதாவது ஒன்று நன்றாக இருந்துவிடுகிறது. பனி விலகுவதற்கு முன்னால் நடந்த நடை, தோல் கறுத்துச் சுருங்கின மலைவாழைப்பழம், பெயர் தெரியாத குருவி ஒன்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. பதினான்கு மாதமாக வயிற்றுக்குள் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது, யாரும் தொடாமலே, அதுபாட்டுக்கு இளகப் பார்க்கிறது. இளகிவிட்டால்? நிஜமாகவே சரியாகிவிட்டால்? மதியச் சாப்பாடு முடிந்து வேன் கிளம்புவதற்கு முன்னால் வில்பிரட் தன் தோள்பையின் ஜிப்பை இழுப்பார், அந்த ஒற்றைத் தாளை எடுப்பார், ‘மனுதாரராகிய நான் மனப்பூர்வமாக என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’, திண்டுக்கல்லில் டைப் அடித்து வாங்கியது, கீழே புள்ளி புள்ளியாக ஒரு கோடு, அவள் கையெழுத்துக்கு. செவ்வாய்க்கிழமை சென்னையில் விசாரணை. அதற்குள் அந்தக் கோட்டில் அவள் பெயர் விழ வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மலை, இந்தப் பாய், இந்தக் காற்று எல்லாம். வில்பிரட் கெட்டவர் இல்லை. செத்துப்போன தங்கச்சியின் புருஷன் கெட்டவனாக இருந்துவிட்டால் எவ்வளவு சுலபம். நம்ம ரெண்டு பேருக்கும் கொஞ்சம் மனசு லேசாகும் மதினி, ரெண்டே நாள், வாங்க என்று அவர் வாசலில் நின்று கேட்டபோது அவர் சட்டையில் மேலேயிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. பிரமிளா இருந்தால் அந்தப் பொத்தான் இல்லாமல் அவர் தெருவில் இறங்கியிருக்க முடியாது. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டுதான் அவள் வருகிறேன் என்று சொன்னாள்.

மூச்சை வெளியே விடுங்கள். இந்த உடம்பு குணமாகிறது, இந்த மனசு குணமாகிறது. விட்டாள். ஆனால் குணம் என்ற வார்த்தை மூச்சோடு வெளியே போகவில்லை. எஸ்டேட் வாசலில் இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே துணி கட்டியிருக்கிறார்கள், மஞ்சளில் பச்சை எழுத்து, குணமாவோம் என்று. நேற்று இட்லிக்கு வரிசையில் நின்றபோது சமையலுக்கு வந்திருந்த ராக்கம்மா, இவள் வயசுதான் இருக்கும், கரண்டியை ஆட்டியபடி கேட்டாள், ஏம்மா, பாத்தா நல்ல சனமாத்தான் தெரியறீங்க, உங்க குணத்துக்கு என்ன கொறச்சல்னு இப்பிடிக் கூட்டியாந்து விட்டிருக்காக? மாமியாளோட சண்டையா? வரிசையே சிரித்தது. சாருலதாவும் சிரித்து, அந்தக் குணம் இல்லைக்கா, இது உடம்பு குணமாகிறது என்று விளக்கினாள். ராக்கம்மா ஒப்புக்கொள்ளவில்லை. ரெண்டும் ஒரே எழுத்துதானே என்று சட்டினியை ஊற்றிவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள். ரெண்டும் ஒரே எழுத்துதான். கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷில் அதற்கு ஹீல் என்று ஒரு சொல் உண்டு, அந்தச் சொல்லுக்குள் புண் ஆறுவது மட்டும்தான் இருக்கிறது. மஸ்கட் ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பத்தொன்பது வருஷம் அதைத்தான் தினமும் எழுதினாள், காயம் நன்றாக ஆறிவருகிறது என்று, கையெழுத்து, தேதி, மணி. வீட்டுப் பேச்சில் அப்படி இல்லை. வீட்டில் குணம் என்றால் அது புண்ணைப் பற்றின பேச்சு இல்லை, பெண்ணைப் பற்றின பேச்சு. மூத்தவளுக்கு மூளை இருக்கு, குணம் இல்லை என்று அம்மா பங்குச் சாமியாரிடமே சொன்னாள். சின்னவள் தங்கம், கேட்டால்தான் பேசுவாள், கொடுத்தால்தான் சாப்பிடுவாள். ஜெசிந்தாவைப் பெண் பார்க்க வந்த இரண்டு பேர் பிரமிளாவைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்காக அவள் தங்கச்சியை வெறுத்ததில்லை, வெறுக்க முடியாது, கோபத்தோடு பக்கத்தில் போனால் அவள் பாதி ஆரஞ்சை உரித்து நீட்டுவாள். நல்ல குணம். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் பிரமிளாதான் ஸாரி சொல்வாள். கடைக்காரன் அழுகின தக்காளியைப் போட்டால் அவனுக்குத் தெரிந்திருக்காது என்பாள். அந்த நல்ல குணத்தை எல்லாருமாகச் சேர்ந்து, அம்மா, பங்கு, பள்ளிக்கூடம், நானும்தான், நானும்தான், நாற்பத்தி மூன்று வருஷம் ஊட்டி வளர்த்தோம். அது அவளைப் படுக்கையில் கிடத்தி, கூப்பிடு மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கவிட்டு, இரண்டாம் தடவை அழுத்தவிடாமல் செய்தது.

அங்கே போகாதே. பலாக் காயைப் பார். சாருலதா கிண்ணம் ஒன்றைத் தட்ட, ஓசை வட்டம் வட்டமாகப் போனது. இது வேண்டாம், நேற்று சாயந்திரம் கேட்டதை நினை. அடிவாரத்துக் கிராமத்திலிருந்து உறுமிக்காரர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். பெரியவர் பெயர் ஒண்டிமுத்து, சட்டைப் பையில் பீடியும் காதில் கடுக்கனும். இடுப்பு ஒடுங்கின மேளம், ஒரு பக்கம் தட்டுவதற்கு, மறு பக்கத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்க்கிறார். தேய்த்ததும் அது அழுவதுமில்லை பாடுவதுமில்லை, அடைத்து வைத்த எதுவோ கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் கொடுக்கிறது. சாருலதா அவரிடம் போய்ப் பணிவாகக் கேட்டுக்கொண்டாள், ஐயா, எல்லாரும் மனசு நொந்து வந்திருக்கிறவங்க, கொஞ்சம் அமைதியா, மெதுவா வாசிக்க முடியுமா என்று. ஒண்டிமுத்து குச்சியைத் துடைத்தபடி யோசித்தார். பிறகு சொன்னார், “மெதுவா வாசிக்கலாம் தாயி. உறுமாம வாசிக்க முடியாது. அதுக்கு வேற மேளம்தான் பாக்கணும்.” ஜெசிந்தா அப்போதுதான் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள், வாய்விட்டு. பேங்க்காரரின் மனைவி திரும்பிப் பார்த்தார். ஒண்டிமுத்து மெதுவாகத்தான் தொடங்கினார். அந்த உறுமல் மண்ணில் இறங்கி, உள்ளங்காலில் ஏறி, முழங்கால் தாண்டி, அடிவயிற்றுக்கு வந்து, அங்கே இருந்ததிடம் என்ன நீயும் இங்கேதான் இருக்கிறாயா என்று விசாரித்தது. எல்லாரும் ஆடினார்கள். நாற்பத்தெட்டு வயதில், தைராய்டு மாத்திரையும் தேய்ந்த இடுப்பு எலும்புமாக, கோயில் பக்கமே போகாதவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினாள். வேர்த்தது. மூச்சு வாங்கியது. ராக்கம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று, ஆடு, நல்லா ஆடு, உன் குணம் எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றாள். சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே உடம்பில், ஒன்றையொன்று தள்ளாமல், ஒரே தாளத்துக்குக் குதித்தன. அப்படி இருக்க முடியும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஒன்று போனால்தான் மற்றது வரும் என்றுதான் எல்லாரும் சொல்லிவந்தார்கள், வில்பிரட், பங்குச் சாமியார், மஸ்கட்டிலிருந்து போன் பண்ணுகிற மலையாளத்து சிஸ்டர்கள், இதோ இந்தக் குரல், விட்டுவிடுங்கள் என்கிறது, பிடித்துக்கொண்டிருப்பதை விட்டுவிடுங்கள், உங்களை வருத்தியவர்களின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து.

முகம் இல்லை, மணிதான் இருக்கிறது. மஸ்கட்டில் மதியம் ஒன்று ஐம்பது, அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம், ஊரில் மூன்று இருபது. அக்கா என்றாள் பிரமிளா. கர்ப்பப்பை எடுத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா, வயிறு கல்லு மாதிரி இருக்கு, வேர்க்குது. சொன்னியா அவங்ககிட்ட? சொன்னேன், காத்து அடைச்சிருக்கும், காத்து பிரியறவரைக்கும் அப்பிடித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை கூப்பிட்டுச் சொல்லு. வேண்டாம்க்கா, அந்த நர்ஸ் பொண்ணு பாவம், ஒரே ஆளா ஓடிக்கிட்டு இருக்கு. சொல்லிப் பாரு, நான் டூட்டி முடிஞ்சு கூப்பிடறேன். டப்பாவில் எலுமிச்சைச் சாதம். வேர்க்குது என்றாளே. கல் போன்ற வயிறும் குளிர்ந்த வேர்வையும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று இருபத்தாறு வருஷ நர்ஸுக்குத் தெரியாதா, அந்நிய தேசத்தில் ஒரு பாகிஸ்தானிக் கிழவர் அப்படிச் சொல்லியிருந்தால் டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாளே. எலுமிச்சைச் சாதத்தை முழுக்கச் சாப்பிட்டாள். டப்பாவைக் கழுவினாள். பிறகு அவள் ஊர் வந்து சேர்ந்தபோது தங்கச்சியின் அடக்கம் முடிந்திருந்தது. நாற்பதாம் நாளும் கழிந்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கேஸ் ஷீட் நகலை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். நோயாளி முதலில் வலி சொன்ன நேரம், நான்கு ஐம்பது, உடனே கவனிக்கப்பட்டது. அந்த நான்குக்கும் ஐந்துக்கும் வயிறு உப்பியிருந்தது. மூன்றின்மேல் நான்கும் இரண்டின்மேல் ஐந்தும் ஏறினால் அப்படித்தான் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் நகலில்கூடத் தெரியும், வாழ்நாள் முழுக்க மணி எழுதினவளுக்கு இருட்டிலும் தெரியும். ஒன்றரை மணி நேரத்தை யாரோ பேனாவால் சாப்பிட்டிருக்கிறார்கள். அதைத்தான் மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகாராக எழுதிக் கேட்டாள். பழி வாங்க இல்லை. யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் என் தங்கச்சி வலியில் கிடந்தாள், கிடந்தாள் என்று எழுது. இல்லாத மாதிரி எழுதாதே. அவ்வளவுதான். அதை விட்டுவிட்டால் அவள் மூன்று இருபதுக்கு அக்கா என்று கூப்பிடவே இல்லை என்று ஆகும். அவளுக்கு வலிக்கவே இல்லை என்று ஆகும். எவ்வளவு நல்ல குணம், கடைசிவரை தொந்தரவே கொடுக்கவில்லை என்று ஆகும்.

மெதுவாக எழுந்து உட்காருங்கள் என்றது குரல். எழுந்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல், பகலில் சினிமா விட்டு வெளியே வருகிறவர்கள் போல. ஒவ்வொருவர் கையிலும் உள்ளங்கை அளவு காகிதம், ஒரு பென்சில். நடுவில் மண்சட்டியில் நெருப்பு. காய்ந்த மிளகுக்கொடியும் சருகும் போட்டிருந்தார்கள், புகையில் காரம். யாரை மன்னிக்கிறோமோ அந்தப் பெயரை எழுதி நெருப்பில் போட வேண்டும், மற்றவர்கள் தரையில் மெல்லத் தட்டுவார்கள். பேங்க்காரர் எழுதினார், போட்டார், அழுதார், அவர் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். நிஜமான அழுகை. ஜெசிந்தாவுக்கும் கண் நிறைந்தது, அவருக்காக. அவளுக்கு இவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. வில்பிரட் எழுதாமல் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். அவர் யார் பெயரை எழுதுவார் என்று அவளுக்குத் தெரியும். தன் பெயரை எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நேரம் அவள் மனசு சுற்றிச் சுற்றி வந்தும் கால் வைக்காமல் தாண்டின இடம் இதுதான். மூன்று இருபது போனில் பிரமிளாவின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் இருந்தது. சும்மா சும்மா மணி அடிச்சா அவங்க என்ன நினைப்பாங்க, அவங்களுக்குத் தெரியாதா, பேசாம படு பிரமி. அன்பாகத்தான் சொன்னார். போர்வையை இழுத்துவிட்டபடிதான் சொல்லியிருப்பார். பிறகு ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓடிவந்து நீட்டின தாளில், நான்கு ஐம்பதுவரை நோயாளி நலமாக இருந்தார் என்று அச்சடித்தாற்போல் எழுதியிருந்ததில், கையெழுத்தும் போட்டார். செவ்வாய்க்கிழமை அவளை விசாரித்தால் அடுத்தபடி அவரை விசாரிப்பார்கள். அறையில் யார் இருந்தது. நீங்கள்தானே. வலி சொன்னார்களா. நீங்கள் என்ன சொன்னீர்கள். பிளஸ் டூ படிக்கிற மகள் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பாள். இதற்காகத்தான் அந்தத் தாள், அந்தப் புள்ளிக் கோடு. அவளுக்கு இரக்கமாக இருந்தது. இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நல்லவள் ஆகிவிடலாம், இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது, அம்மா கல்லறையில் திரும்பிப் படுத்துச் சிரிப்பாள். ஜெசிந்தா அக்கா, உங்க முறை என்றாள் சாருலதா. தரையில் தட்டும் ஓசை அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அவள் எழுதினாள். பெயர் இல்லை, மூன்று இருபது என்று, எண்ணில், பக்கத்தில் தேதி, அதன்கீழே தன் கையெழுத்து, நர்ஸ் எழுதுகிற மாதிரி அடித்தல் திருத்தல் இல்லாமல். சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சூடு முகத்தில் அடித்தது. பிறகு காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து மூடினாள்.

“நான் எரிக்கலம்மா,” என்றாள். “எனக்கு இது செவ்வாய்க்கிழமை வேணும்.”

தட்டினவர்களின் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. சாருலதா தலையாட்டி, சரிக்கா, வச்சுக்கோங்க என்றாள், அதையும் நல்ல குரலில் சொன்னாள். ஜெசிந்தாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. ரொம்ப நல்லா இருந்துச்சும்மா இந்த ரெண்டு நாளும், மறுபடி கூப்பிடுங்க, வருவேன் என்றாள், அது பொய்யில்லை. திரும்பி வந்து தன் பாயில் உட்காராமல் வில்பிரட் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் தோள்பை இருவருக்கும் நடுவில் கிடந்தது. நெருப்புக்கு அடுத்த ஆள் எழுந்து போக, தரையில் மறுபடி தட்டத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள் பேசினால் மற்றவர்களுக்குக் கேட்காது. அவர் பையைப் பார்த்தபடி, பாப்பா படிக்கிற நேரம் மதினி, இதெல்லாம் வேண்டாமே என்று மட்டும் சொன்னார்.

“தம்பி, நீங்க அவகிட்ட பேசாம படுன்னு சொன்னது எனக்குப் போன்ல கேட்டுச்சு.”

அவர் கழுத்தில் நரம்பு துடித்தது, நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து இருக்கும், பழக்கத்தில் எண்ணினாள். எப்ப இருந்து தெரியும் என்று கேட்டார். அன்றைக்கேதான் என்றாள். பதினாலு மாசமாவா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே என்றார். கேக்கல, ஏன்னா நான் அதைவிடப் பெரிய தப்புப் பண்ணினேன், நான் நர்ஸ், வேர்க்குதுன்னு சொன்னா, சொல்லிப் பாருன்னுட்டுச் சோறு தின்னேன். அவர் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவள் அவரைத் தேற்றவில்லை. தோளில் கை வைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வைத்தால் அது மன்னிப்பு மாதிரி ஆகிவிடும், இவரை மன்னித்தால் தன்னையும் மன்னிக்க வேண்டும், அப்புறம் வரிசையாக, ஒவ்வொருத்தராக, கடைசியில் அந்தப் பேனாவையும்.

“நம்ம ரெண்டு பேர் பண்ணினதும் தப்புதான். அங்க வந்து கேட்டா நான் சொல்லத்தான் போறேன், என்னுதையும் சொல்வேன், உங்களுதையும் சொல்வேன். நம்ம தப்பைக் காட்டி அவங்க தப்பை அழிக்க விடமாட்டேன். பாப்பாவுக்கு நீங்களே வீட்ல சொல்லிடுங்க. பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்கு இது பரவாயில்ல.”

வில்பிரட் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜிப்பைத் தொட்டார், இழுக்கவில்லை. யாரோ போட்ட காகிதம் முழுதாக எரியாமல் சட்டியிலிருந்து எழும்பி, கறுத்த ஓரத்தோடு அந்தரத்தில் கொஞ்சம் மிதந்து புல்லில் விழுந்தது, எல்லாரும் அதைப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. அடுப்படிப் பக்கம் இலை போடுகிற சத்தம் கேட்டது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே, செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

“பத்தரைன்னு போட்டிருக்கு,” என்றாள் ஜெசிந்தா. “பத்துக்கே போயிடணும். அவ பேரைக் கூப்பிடும்போது யாராவது எந்திரிச்சு நிக்கணும்ல.”